"உங்க கம்ப்யூட்டரில் வைரஸ் சார்!" போன் வழியாகக் கன்னம் வைக்கும் டிப்-டாப் ஆசாமிகள்

பெரம்பலூர்,

பூட்டை உடைக்கவில்லை. சுவரில் கன்னம் வைக்கவில்லை. தெரு நாய்கூட குரைக்கவில்லை. ஆனாலும் பணம் அபேஸ்!

திருடன் உள்ளே வந்த வழி எது தெரியுமா? செல்போன் வழி. கதவைத் திறந்து விட்டவர் யார் தெரியுமா? சாட்சாத் வீட்டுக்காரரேதான்!

"உங்க கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. உங்க செல்போனில் கோளாறு. நாங்கள் சரி செய்து தருகிறோம்" என்று போனில் நயமாகப் பேசி, பேங்க் கணக்கைத் துடைத்து எடுக்கும் நூதன மோசடி இது. இதற்குப் பட்டணம், பட்டிக்காடு என்ற பேதம் கிடையாது. செல்போன் மணி அடிக்கிற இடமெல்லாம் இதன் எல்லைதான்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இன்று யார் பணம் எங்கே இருக்கிறது? சின்ன வெங்காயம் விற்ற பணம், மக்காச்சோளம் போட்ட பணம், சிமெண்டு ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவரின் பி.எப். பணம், லப்பைக்குடிக்காடு பக்கம் வளைகுடா நாட்டில் இருந்து மகன் அனுப்பிய பணம், நகையை அடகு வைத்து வாங்கிய கடன் பணம் எல்லாமே பேங்கில் இருக்கிறது. அந்த பேங்கோ சட்டைப் பையில், செல்போனுக்குள் இருக்கிறது.

சட்டைப் பைக்குள் ஒருவன் கையை விட்டால் பளார் என்று அறைந்து விடுவோம். செல்போனுக்குள் கையை விடுகிறவனுக்கு மட்டும் "ரொம்ப நன்றி தம்பி" என்று சொல்கிறோம். எப்படி?

விவரம் வருமாறு:-

நாடகம் ஆரம்பம்!

பெரம்பலூர் பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். மாலை நேரம். கடையில் கூட்டம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் எதையோ தேடுகிறார்.

திடீர் என்று திரை முழுவதும் சிவப்பு நிறம்! 'ஊய்ங்... ஊய்ங்...' என்று அபாயச் சங்கு வேறு. "உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டு விட்டது. உடனே இந்த எண்ணுக்கு போன் செய்யவும்" என்று கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு. கூடவே ஒரு பெரிய கம்பெனியின் சின்னம்.

கடைக்காரர் வெலவெலத்துப் போய் அந்த எண்ணுக்கு போன் போடுகிறார். பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரிதான் போகும்:-

ஆசாமி:- வணக்கம் சார். கம்பெனி டெக்னிக்கல் டிபார்ட்மெண்டில் இருந்து பேசறேன். என்ன பிரச்சினை சொல்லுங்க சார்.

கடைக்காரர்:- திடீர்னு செவப்பா வந்து கத்துது தம்பி. எதைத் தொட்டாலும் போக மாட்டேங்குது.

ஆசாமி:- பயப்படாதீங்க சார். மெஷினை மட்டும் ஆப் பண்ணிடாதீங்க. பண்ணினா உள்ளே இருக்கிறது அத்தனையும் அழிஞ்சிடும்.

கடைக்காரர்:- ஐயையோ! ஊர்க்காரங்க ஆதார், பட்டா, சர்டிபிகேட் எல்லாம் அதுலதான் தம்பி இருக்கு.

ஆசாமி:- அதுக்குத்தான் சார் நாங்க இருக்கோம். பேங்க் கணக்கும் இதுலதான் பாக்கறீங்களா?

கடைக்காரர்:- ஆமா தம்பி.

ஆசாமி:- அப்படின்னா ரொம்ப அவசரம் சார்! இந்த நிமிஷம் ஒருத்தன் உட்கார்ந்து உங்க கணக்கையே பார்த்துக்கிட்டு இருக்கான். லைனை கட் பண்ணாதீங்க. பக்கத்துல யாருகிட்டேயும் பேசாதீங்க.

ஆசாமி கடைசியாகச் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. ஒருத்தன் உட்கார்ந்து அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறான். அவன் வேறு யாரும் அல்ல. போனில் பேசுகிற அதே ஆசாமிதான்!

சங்கு ஊதிய அந்தச் சிவப்புத் திரை வைரசே அல்ல. வெறும் விளம்பரப் பலகை மாதிரி ஒரு பக்கம். எதையோ தேடும்போது, தவறான இடத்தில் கை பட்டதும் விரிந்துகொண்டது. அவ்வளவுதான். கம்ப்யூட்டரின் பவர் பொத்தானை சில வினாடிகள் அழுத்திப் பிடித்தாலே மாயமாய் மறைந்துவிடும். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீண்டும் காட்டவா?" என்று கேட்டால் 'வேண்டாம்' என்று விட்டால் போதும்.

ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். தங்களுடைய எச்சரிக்கை அறிவிப்புகளில் போன் நம்பரே இருக்காது என்று மைக்ரோசாப்ட் கம்பெனி பகிரங்கமாகச் சொல்லி இருக்கிறது. திரையில் எச்சரிக்கையும் போன் நம்பரும் சேர்ந்து வந்தால், அது மோசடி!

பேய் காட்டும் வித்தை

சில சமயம் சங்கும் கிடையாது, சிவப்புத் திரையும் கிடையாது. ஆசாமியே நேராக போன் போடுவான். "உங்க கம்ப்யூட்டரில் இருந்து எங்க ஆபீசுக்கு அபாய சிக்னல் வந்துக்கிட்டே இருக்கு சார்" என்பான்.

"நீ சொல்றதை எப்படிப்பா நம்புறது?" என்று கேட்டால், அதற்கும் தயாராக ஒரு வித்தை வைத்திருப்பான். கிராமத்துப் பூசாரி எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வரவழைக்கிற மாதிரி!

"சார், அந்த கீயை அழுத்துங்க, இந்தப் பேரை டைப் அடிங்க" என்று வரிசையாகச் சொல்வான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ஈவெண்ட் வியூவர்' என்று ஒரு பகுதி உண்டு. கம்ப்யூட்டர் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் டைரி அது. அதைத் திறந்தால் சிவப்புப் புள்ளியும் மஞ்சள் முக்கோணமுமாக நூற்றுக்கணக்கில் நிற்கும். "பார்த்தீங்களா சார், அத்தனையும் வைரஸ்" என்பான்.

உண்மை என்ன? நேற்று கடையில் வாங்கிய புத்தம் புது கம்ப்யூட்டரிலும் அந்தச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அச்சு எந்திரத்தில் பேப்பர் தீர்ந்தது, இன்டர்நெட் ஒரு வினாடி அறுந்தது என்பதை எல்லாம்கூட கம்ப்யூட்டர் அதில் குறித்து வைக்கும். மளிகைக் கடைக் கணக்கு நோட்டில் சிவப்பு மையைப் பார்த்துவிட்டு "கடை திவால்" என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இது.

இன்னொரு வித்தை இதைவிட பலே கில்லாடித்தனமானது. "உங்க கம்ப்யூட்டரின் ரகசிய நம்பரை நான் சொல்றேன், சரியா பாருங்க" என்று ஒரு நீண்ட எண்ணைப் படிப்பான். 888 டி.சி.ஏ. 60 என்று ஆரம்பிக்கும். அவன் சொல்கிற இடத்தில் பார்த்தால் அதே எண் அப்படியே இருக்கும்! கேட்டவர் ஆடிப்போய் விடுவார்.

அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர்களில் எல்லாம் அதே எண்தான் இருக்கும். பெரம்பலூரிலும் அதே எண்தான். அமெரிக்காவிலும் அதே எண்தான். "உங்களுக்கு ரெண்டு கை இருக்கு, சரிதானே?" என்று கேட்கும் கைரேகைக்காரன் கதைதான்!

சாவி கைமாறுகிறது

பயம் ஏறிவிட்டது. நம்பிக்கையும் வந்துவிட்டது. அடுத்ததுதான் முக்கிய கட்டம்.

"ஒரு சின்ன ஆப் இறக்கிக்குங்க சார். நான் இங்கிருந்தே சரி பண்ணித் தர்றேன்" என்பான் ஆசாமி. எனிடெஸ்க், டீம்வியூவர், குவிக்சப்போர்ட் என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்வான். இவை போலிச் சரக்கு அல்ல. ஓர் ஊரில் இருந்தபடி இன்னொரு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரை இயக்குவதற்காக, நிஜமான மெக்கானிக்குகள் பயன்படுத்தும் நல்ல கருவிகள். கசாப்புக் கடைக் கத்தி மாதிரி. யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அந்த ஆப்பைத் திறந்ததும் ஒன்பது, பத்து இலக்கத்தில் ஓர் எண் தெரியும். "அதைச் சொல்லுங்க சார்" என்பான். சொன்னதும் 'அனுமதிக்கவா?' என்று திரை கேட்கும். சரி என்று தட்டினால் முடிந்தது கதை. வீட்டுச் சாவி கைமாறி விட்டது!

அதன் பிறகு உங்கள் திரையில் தெரிவது எல்லாம் அவன் திரையிலும் தெரியும். நீங்கள் தட்டும் எழுத்து தெரியும். பேங்கில் இருந்து வரும் ஓ.டி.பி. தெரியும். "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பேங்க் சொல்கிறதே, இங்கே சொல்லவே தேவையில்லை. அவனே படித்துக்கொள்வான்!

"சர்வீஸ் சார்ஜ் பத்தே ரூபாய்தான் சார். கார்டில் கட்டிடுங்க" என்பான். பத்து ரூபாய்தானே என்று கார்டு எண்ணையும் பின்பக்க மூன்று இலக்க எண்ணையும் தட்டினால், அத்தனையும் அவன் நோட்டில் ஏறிவிடும். அவனுக்கு வேண்டியது பத்து ரூபாய் அல்ல. பத்து ரூபாய் கட்டும் வழி!

இந்த ஆபத்தை ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே கண்டுகொண்டது. எனிடெஸ்க் போன்ற ஆப்களை இறக்கச் சொல்லி, செல்போனைத் தூரத்தில் இருந்தே இயக்கி, யு.பி.ஐ. மூலம் பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று எல்லா வங்கிகளையும் அது எச்சரித்தது.

'அதிகமா அனுப்பிட்டேன் சார்!'

இதிலேயே தலைகீழ் நாடகம் ஒன்றும் உண்டு. "நீங்க போன வருஷம் கட்டின சர்வீஸ் பணத்தைத் திருப்பித் தர்றோம்" என்று ஆரம்பிப்பான். திருப்பித் தர வேண்டியது ஐயாயிரம் என்பான். பிறகு ஐயோ, அம்மா என்று அலறுவான். "ஐயாயிரத்துக்குப் பதிலா ஐம்பதாயிரம் போட்டுட்டேன் சார்! என் வேலையே போயிடும். என் பிள்ளை குட்டிங்களைக் காப்பாத்துங்க. மீதி நாற்பத்தி ஐயாயிரத்தை உடனே அனுப்புங்க."

கம்ப்யூட்டரில் பார்த்தால் கணக்கில் ஐம்பதாயிரம் ஏறியிருப்பது போலவே தெரியும். ஆனால் ஒரு பைசாகூட வந்திருக்காது. திரை அவன் கையில் இருக்கிறதே! திரையில் தெரியும் எண்ணை மட்டும் மாற்றி எழுதிக் காட்டுவான். இரக்கப்பட்டு அனுப்பிய நாற்பத்தி ஐயாயிரமோ அசல் பணம்!

பயந்தவரை பயத்தால் பிடிக்கிறான். பயப்படாதவரை இரக்கத்தால் பிடிக்கிறான்.

'இன்று இரவு கரண்ட் கட்!'

கம்ப்யூட்டரே இல்லாத வீட்டுக்கு வேறு ரூட்டு.

2022-ம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் பலருடைய செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "போன மாத மின் கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்" என்பது அதன் சாரம். கீழே ஒரு செல்போன் எண்.

அந்த எண்ணுக்குப் பேசினால் 'அதிகாரி' மரியாதையாகப் பேசுவார். "நீங்க பணம் கட்டினது சரிதான் ஐயா. கம்ப்யூட்டரில் ஏறலை. இந்த ஆப்பை இறக்குங்க. பத்து ரூபாய் கட்டி அப்டேட் பண்ணிடுங்க" என்பார். இறக்கச் சொல்வது அதே தூரத்துச் சாவி ஆப்தான்!

இந்த மோசடி பற்றி மின்வாரியமும் எச்சரித்தது. அப்போது தமிழக டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு வீடியோ மூலம் பொதுமக்களை உஷார்படுத்தினார்.

மின்வாரியம் மட்டும் அல்ல. கடைக்காரர்களிடம் "சவுண்ட் பாக்ஸ் வேலை செய்யலையே, சரி பண்ணித் தர்றேன்" என்று வரலாம். பென்ஷன்தாரரிடம் "உயிர்ச் சான்று ஏறலை" என்று வரலாம். "கே.ஒய்.சி. முடிஞ்சு போச்சு, சிம் கார்டு கட்டாகும்" என்றும் வரலாம். வேஷம் வேறு. நாடகம் ஒன்றுதான்.

இன்னொரு பொறியும் உண்டு. பணம் கட்டினால் போகவில்லை, பிரிட்ஜ் ரிப்பேர் என்று நாமே கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடுகிறோம். முதலில் கண்ணில் படுகிற நம்பர் மோசடிக்காரன் போட்டு வைத்த நம்பராக இருக்கலாம். நம்பரை பில்லில் பாருங்கள். கார்டின் பின்புறத்தில் பாருங்கள். பாஸ் புத்தகத்தில் பாருங்கள்.

எங்கிருந்து பேசுகிறார்கள்?

இந்தத் தொழில் முதலில் குறிவைத்தது வெள்ளைக்காரர்களை. பெரிய பெரிய கட்டிடங்களில் நாற்காலி போட்டு, சம்பளம் கொடுத்து, ஆபீஸ் மாதிரியே நடத்தினார்கள்.

2016 அக்டோபரில் மும்பை அருகே மீரா ரோட்டில் தானே போலீசார் அதிரடியாகப் புகுந்தார்கள். அமெரிக்க வருமான வரி அதிகாரிகள் போல் பேசி, அங்குள்ளவர்களை மிரட்டிப் பணம் பறித்த கால் சென்டர்கள் சிக்கின. 700-க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் போலீசார் வளைத்துப் பிடித்து விசாரித்தார்கள்.

2018-ல் டெல்லி வட்டாரத்தில் அடுத்த வேட்டை. அந்த ஆண்டு அக்டோபரில் 10 கால் சென்டர்கள். நவம்பரில் டெல்லியை ஒட்டிய இரு நகரங்களில் மேலும் 16 கால் சென்டர்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று வெளிநாட்டவரை ஏமாற்றியதாக மைக்ரோசாப்ட் கொடுத்த புகார்களின் பேரில் இந்தச் சோதனைகள் நடந்தன.

2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை போட்டது. சோதனை நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அமேசான், மைக்ரோசாப்ட் கம்பெனிகள் கொடுத்த புகார்களும் அதில் அடக்கம்.

அமெரிக்காவில் நஷ்டம் எவ்வளவு தெரியுமா? அந்நாட்டு எப்.பி.ஐ.க்கு வந்த புகார்களின்படி, 2023-ம் ஆண்டில் மட்டும் இந்த 'ரிப்பேர்' மோசடியில் போன பணம் 92 கோடி டாலருக்கும் மேல். நம்மூர் கணக்கில் ஏழாயிரத்து ஐநூறு கோடி ரூபாயைத் தாண்டும்! படித்தவன் ஏமாற மாட்டான் என்று யாரும் மார்தட்ட வேண்டாம்.

இங்கே உள்நாட்டில், ஜார்க்கண்ட் மாநிலத்து ஜம்தாரா மாவட்டம் போன் மோசடிக்கே பெயர் போனது. 2001-ல் உருவான சின்ன மாவட்டம் அது. நம்ம அரியலூர் முதன்முதலாகத் தனி மாவட்டம் ஆனதும் அதே 2001-ல்தான். ஊருக்குள் நாலு பேர் ஆரம்பித்த தொழில், உழைத்துப் பிழைக்கும் ஒரு மாவட்டத்தின் பெயரையே கெடுத்துவிட்டது.

போன் பேசுகிறவர்கள் எல்லோருமே விரும்பித்தான் பேசுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022 அக்டோபரில் அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டு சென்னைக்குத் திரும்பினார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் மாவட்டத்துப் பெற்றோர் இதையும் கவனிக்க வேண்டும். "கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை, கை நிறைய சம்பளம்" என்று ஏஜெண்ட் சொன்னால், கம்பெனி பெயரையும் விசாவையும் நன்றாக விசாரித்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள்.

ஏன் ஏமாறுகிறார்கள்?

ஏமாறுகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. பத்து ரூபாய்க்கு வாங்கும் கத்தரிக்காயை நாலு கடை பார்த்து வாங்குகிறவர்கள்தான். பின்னே ஏன் ஏமாறுகிறார்கள்?

முதல் காரணம் அவசரம். "இந்த நிமிஷம்", "இன்று இரவு", "இன்னும் பத்தே நிமிஷத்தில்" என்று ஆசாமி கெடு வைக்கிறான். யோசிக்க நேரம் கொடுத்தால் அவன் தொழில் படுத்துவிடும்.

இரண்டாவது காரணம் தனிமை. "லைனை கட் பண்ணாதீங்க, யாருகிட்டேயும் சொல்லாதீங்க" என்கிறான். பக்கத்தில் இருக்கிற பிள்ளையோ, எதிர்க் கடைக்காரரோ ஒரு வார்த்தை "யாருங்க போன்ல?" என்று கேட்டுவிட்டால் மாயம் கலைந்துவிடும். அதனால்தான் அந்த நிபந்தனை.

மூன்றாவது காரணம் கம்ப்யூட்டர் என்றால் நமக்குத் தெரியாத சமாசாரம் என்ற தயக்கம். மோட்டார் ரிப்பேர் என்றால் நாலு கேள்வி கேட்கிறோம். கம்ப்யூட்டர் என்றதும் வாயை மூடிக்கொள்கிறோம்.

இதே அவசரமும் தனிமையும்தான் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியிலும் வேலை செய்கிறது. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, "உங்களை வீட்டுக்குள்ளேயே கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் மோடி தனது வானொலி உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். 2025 டிசம்பரில் இந்த வகை வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

பணம் போய்விட்டதா? உடனே 1930!

சரி, ஏமாந்துவிட்டோம். என்ன செய்வது?

தலையில் கை வைத்து உட்கார நேரம் இல்லை. முதல் வேலை இன்டர்நெட்டை நிறுத்துவது. வை-பையை அணையுங்கள். செல்போன் டேட்டாவை அணையுங்கள். ஆசாமி பிடித்திருக்கும் கயிறு அறுந்துவிடும்.

அடுத்த வேலை, 1930 என்ற எண்ணுக்கு போன் போடுவது. சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் இது. நாடு முழுவதற்கும் ஒரே எண்.

1930-க்குச் சொன்னால் என்ன நடக்கும்? உங்கள் கணக்கில் இருந்து பணம் எந்த பேங்குக்குப் போனதோ, அந்த பேங்குக்குத் தகவல் பறக்கும். பணம் இன்னும் அங்கே இருந்தால் அப்படியே முடக்கி வைப்பார்கள். அங்கிருந்து வேறு பேங்குக்குத் தாவியிருந்தால் தகவலும் பின்னாலேயே துரத்திக்கொண்டு போகும். யாராவது ஏ.டி.எம்.மில் பணமாக உருவிவிட்டால்தான் சிக்கல். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் தங்கமான நேரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தால், பணம் விடிவதற்குள் நாலு மாநிலம் சுற்றிவிடும்.

மூன்றாவதாக, பேங்குக்கு போன் போட்டுக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதியலாம். இல்லை என்றால் மாவட்ட சைபர் கிரைம் போலீசில் நேரில் எழுதிக் கொடுக்கலாம். பணம் போன குறுஞ்செய்தி, 12 இலக்க யு.பி.ஐ. பரிமாற்ற எண், ஆசாமி பேசிய போன் நம்பர் எல்லாம் தேவைப்படும். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். அதெல்லாம் தடயம்.

அதற்குப் பிறகு அந்த ஆப்பை நீக்கிவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் செல்போனையோ கம்ப்யூட்டரையோ காட்டுங்கள். பாஸ்வேர்டு, பின் நம்பர் எல்லாவற்றையும் வேறொரு செல்போனில் இருந்து மாற்றுங்கள்.

இத்தோடு விடமாட்டார்கள். சில நாள் கழித்து இன்னொரு போன் வரலாம். "நீங்க ஏமாந்த பணத்தை மீட்டுத் தர்றோம். பீஸ் மட்டும் கட்டுங்க" என்பான். அவனும் அதே கூட்டம்தான்! உஷார்!

நஷ்டம் யாருக்கு?

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. உங்கள் தவறோ, வங்கியின் தவறோ எதுவும் இல்லாமல் மூன்றாவது ஆள் செய்த மோசடியில் பணம் போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் பேங்குக்குத் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது.

ஆனால் ஓ.டி.பி.யையோ பின் நம்பரையோ நீங்களே கொடுத்திருந்தால்? பேங்குக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் தலையில்தான். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு பேங்க் பொறுப்பு. ஆக, ஒவ்வொரு நிமிஷமும் பணம்தான்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் வெட்கம். "வெளியே சொன்னா ஊர் சிரிக்குமே", "மகன் திட்டுவானே", "வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ" என்று மென்று விழுங்குகிறார்கள். அந்த மவுனத்தைத்தான் ஆசாமி நம்பியிருக்கிறான். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏமாந்து நிற்கிற அப்பாவையோ அம்மாவையோ முதலில் திட்டாதீர்கள். முதலில் 1930-க்கு போன் போடுங்கள்.

கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்!

இளைஞர்களுக்குத் தனி எச்சரிக்கை. திருடிய பணம் வந்து விழுவதற்கு ஒரு பேங்க் கணக்கு வேண்டும். மோசடிக்காரன் தன் பெயரில் வைத்துக்கொள்ள மாட்டான். "உன் பாஸ் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு. மாசா மாசம் கமிஷன் தர்றேன்" என்று வேலை தேடும் பையன்களிடம் வலை விரிப்பான்.

போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டில்தான். கம்ப்யூட்டர், செல்போன் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் மோசடிப் பிரிவும் சேர்ந்தால் 7 ஆண்டு வரை போகும். ஐயாயிரம் கமிஷனுக்கு ஆசைப்பட்டால் அரசு வேலைக் கனவு அம்பேல்!

கத்தரித்து கல்லாப்பெட்டி பக்கம் ஒட்டுங்கள்

1. கம்ப்யூட்டர் கம்பெனியோ, செல்போன் கம்பெனியோ "உங்க மெஷினில் வைரஸ்" என்று தானாக போன் செய்யாது. செய்தால் மோசடி.

2. எச்சரிக்கைத் திரையில் போன் நம்பர் இருந்தால் அந்த நம்பருக்குப் பேசாதீர்கள். மெஷினை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள்.

3. போனில் சொல்கிறவன் பேச்சைக் கேட்டு எந்த ஆப்பையும் இறக்காதீர்கள்.

4. திரையில் தெரியும் ஒன்பது, பத்து இலக்க எண்ணைச் சொல்லாதீர்கள். அதுதான் வீட்டுச் சாவி.

5. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது.

6. "அதிகமா அனுப்பிட்டேன்" என்று அழுதால், பேங்குக்கு நேரில் போய்க் கணக்கைப் பாருங்கள்.

7. பேங்கில் இருந்து பேசுவதாகச் சொன்னால், போனை வைத்துவிட்டு கார்டின் பின்புறம் உள்ள நம்பருக்கு நீங்களே பேசுங்கள். பேங்குகளின் சேவை அழைப்பு 1600 என்று ஆரம்பிக்கும் எண்ணில் இருந்து வரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. சாதாரண செல்போன் நம்பரில் இருந்து வந்தால் சந்தேகப்படுங்கள்.

8. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஒருவன் சொன்னால், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

9. ஏமாந்துவிட்டால் இன்டர்நெட்டை அணையுங்கள். 1930. பிறகு பேங்க். பிறகு போலீஸ்.

ஒரே ஒரு கேள்வி

ஒன்பதையும் நினைவில் வைக்க முடியவில்லையா? ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வயலில் மோட்டார் ரிப்பேர் ஆனால் மெக்கானிக்கை நாம் தேடிப் போகிறோம். எத்தனை முறை சொல்லி அனுப்பினாலும் "நாளைக்கு வர்றேன் அண்ணே" என்பார். பிரிட்ஜ், மிக்சி, டி.வி. எது கெட்டாலும் இதே கதைதான். கூப்பிட்டாலே வராதவர் மெக்கானிக்!

அப்படி இருக்கும்போது, கூப்பிடாமலே ஒருத்தன் போன் போட்டு, "உங்க மெஷின் கெட்டுப் போச்சு, இப்பவே சரி பண்ணித் தர்றேன்" என்று உருகினால், ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

"இவனை நான் கூப்பிட்டேனா?"

இல்லை என்றால் போனை வையுங்கள். அம்புட்டுத்தான்!